மோட்டார்ஹோம் ஒயரிங்: ரிலே போடுவதா, மாஸ்ஃபெட் போடுவதா?

கனடாவில் மோட்டார்ஹோமும் கேம்பர்வேனும் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பக்கத்தைப் பற்றியவை. ரிலே என்பது கம்பிச் சுருளின் காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்; மாஸ்ஃபெட் என்பது அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்.

கேள்வி: அண்ணா, ஃபிரிட்ஜுக்குப் போட்ட ரிலே தொட்டால் நன்றாகச் சுடுகிறது. பழுதா?

பழுது இல்லை தம்பி. வண்டிகளில் வரும் சாதாரண சதுர ரிலேயின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) ஏறக்குறைய 85 ஓம் மின்தடை. பேட்டரி 12.6 வோல்ட் என்றால் காயில் மட்டும் 0.15 ஆம்பியர் இழுக்கும். அதுதான் அந்தச் சூடு. எஞ்சின் ஓடும்போது இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுத்துவிடும். காட்டுக்குள் மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 3.5 ஆம்பியர்-மணி வீதம் பத்துக்கு மேல் போய்விடும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதில் ஐந்தில் ஒரு பங்கை, எந்த வேலையும் செய்யாத ஒரு காயிலே தின்றுவிடும்.

நாள் கணக்கில் ஆனிலேயே இருக்கும் லோடுக்கு (மின்சாரம் இழுக்கும் கருவிக்கு) மாஸ்ஃபெட் சுவிட்ச் போடுங்கள். அதை இயக்கும் முனையான ‘கேட்’டில் மின்னோட்டம் அநேகமாக ஓடாது. லாட்ச்சிங் ரிலேயும் சரி. ஒரு நொடித் துடிப்பில் புரண்டு, அதே நிலையில் தானாக நிற்கும். பல வண்டிகளில் கதவருகே உள்ள பேட்டரி கட் பட்டனை அழுத்தினால் எங்கோ கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா, அதுதான் இது.

கேள்வி: எஞ்சின் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் (வண்டிக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டுவது) பிரித்து வைக்கும் டயோடு ஐசொலேட்டர் இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வீட்டு பேட்டரி நிரம்பவில்லை. ஏன்?

சாதாரண சிலிக்கான் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) தன்னைக் கடக்கவே 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் 14.4 கொடுத்தால் பேட்டரிக்கு 13.7தான் போய்ச் சேரும், லெட்-ஆசிட் நிரம்ப அது போதாது. எஞ்சினை ஓட விட்டு, ஆல்டர்னேட்டர் முனையில் ஒரு முறை, வீட்டு பேட்டரி முனையில் ஒரு முறை மீட்டர் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மாஸ்ஃபெட் வகை ஐசொலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு. நல்ல ரிலேயிலும் அப்படித்தான், கான்டாக்ட் சுத்தமாக இருக்கும் வரை.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டேன். ஆல்டர்னேட்டரிலிருந்து அதைச் சார்ஜ் செய்யப் பழைய ரிலே போதுமா?

வேண்டாம். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐடிலில்) மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டருக்குக் காற்றும் குறைவு, கருகிவிடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

கேள்வி: வீட்டுச் சுவரில் போடும் 10 ஆம்பியர் சுவிட்சைத் தண்ணீர் பம்புக்குப் போடலாமா?

அந்த 10 ஆம்பியர் ஏசிக்கு, அதாவது வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்குச் சொன்னது. இங்கே ஏசி ஒரு நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, சுவிட்சை அணைக்கும்போது வரும் தீப்பொறி தானாக அணையும். பேட்டரி தரும் டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அந்த இடைவெளியே கிடையாது. அதிலும் பம்ப் மோட்டார், அணைக்கும்போது காயில் எதிர்த்து உதைக்கும். டிசிக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்ட சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். 48 வோல்ட் சிஸ்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

கேள்வி: பேட்டரி இறங்கினால் தானாக வெட்டும் எலக்ட்ரானிக் கட்-ஆஃபை இன்வெர்ட்டருக்கு முன்னால் போட்டேன். இப்போது அது வெட்டுவதே இல்லை.

இதை நானே ஒரு வண்டியில் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறலும் இல்லை, பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்தது. உள்ளே ஒரு மாஸ்ஃபெட்டின் முதுகில் கடுகளவு ஓட்டை, சுற்றிலும் பழுப்புக் கறை. மீட்டர் வைத்தால் ‘பீப்’ என்று அடித்தது: உள்ளுக்குள் முழு ஷார்ட். இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) காலியாக இருக்கும்போது இணைத்தால், ஒரு கணம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் சாகும், அதாவது லோடு ஆனிலேயே நிற்கும்.

ரிலேயும் இப்படி ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதில் தட்டினாலோ திறந்து பார்த்தாலோ புரிந்துவிடும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் ரிமோட் ஆன்-ஆஃப் முனை இருக்கும். கட்-ஆஃப் அந்தச் சின்ன ஒயரை மட்டும் வெட்டட்டும், தடித்த கேபிள் நேராகப் போகட்டும். அப்புறம் இன்னொன்று: இந்தக் கட்-ஆஃப்களில் பல ஒரு திசைக்கு மட்டுமே ஆனவை. அதன் வழியாகச் சார்ஜ் திரும்பி வந்தால் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு அதை அடைக்காது, வெட்டியும் பயனில்லை.

கேள்வி: எல்இடி இன்டிகேட்டர் போட்டதும் சிமிட்டுவதே இல்லை.

இன்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர் சூடேறி வளையும் தகடு. 21 வாட் பல்பின் மின்னோட்டம் இல்லாமல் அது சூடாகாது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் போனில் இயங்கும் டச் பேனலுக்கு மாற்றினால் கைச் சுவிட்சுகளை எடுத்துவிடலாமா?

விளக்கு, ஃபேன் எல்லாம் தாராளமாக மாற்றுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் கையால் திருப்பும் மெயின் சுவிட்சை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். புகை வரும் நேரத்தில் திரை உயிரோடு இருக்கும் என்று நம்ப முடியாது. பிள்ளைகளுக்கும் அந்தப் பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு முறை காட்டிக் கொடுங்கள்.