கேம்பர் பேட்டரி சார்ஜிங்: கம்பி, கனெக்டர், ஃபியூஸ்

டிரக்கில் ஏற்றும் கேம்பரின் (தங்கிச் செல்லும் அறையின்) 12 வோல்ட் பேட்டரியை, வண்டி ஓடும்போதே ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவியிலிருந்து) சார்ஜ் செய்வது பற்றிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: டிரெய்லருக்கான 7 முனை பிளக் வழியாகத்தான் இணைத்திருக்கிறேன். நாள் முழுவதும் ஓட்டினாலும் பேட்டரி நிரம்புவதில்லை. பிளக் பழுதா?

பதில்: பிளக்கைக் குறை சொல்லுமுன் கம்பியைப் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லி ஓம். போக 6 மீட்டர், வர 6 மீட்டர் என்றால் மொத்தம் 55 மில்லி ஓம். 20 ஆம்பியர் பாய்ந்தால் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்கு வந்து சேர்வது 13.1. அதில் ஈய அமில பேட்டரி முழுமையாக நிரம்பாது. 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தடிமனைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: அந்தத் தடிமன் கம்பிக்கு எந்த கனெக்டர்?

பதில்: ஆண்டர்சன் எஸ்பி50 (SB50). இரு பக்கமும் ஒரே வடிவம். ஒன்றைத் திருப்பி மற்றொன்றில் செருகினால் போதும். வெவ்வேறு நிறக் கூடுகள் ஒன்றோடொன்று சேரா. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறம் வாங்குங்கள். மின்னோட்டம் பாயும்போது பிடுங்காதீர்கள், தீப்பொறி முனைகளைத் தின்றுவிடும். கேம்பரை இறக்கி வைத்திருக்கும்போது டிரக் பக்கத்துக்கு மூடி போடுங்கள்.

கேள்வி: வண்டியின் வோல்ட்டேஜை கேம்பர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் சரிதானே?

பதில்: சரியில்லை. 30 என்பது வெளியீடு. 14.4 வோல்ட்டில் 30 ஆம்பியர் கொடுக்க, சார்ஜருக்கு உள்ளே வருவது 12.5 வோல்ட்டும் அதன் திறன் 90 சதவீதமும் என்றால், உள்ளே 38 ஆம்பியர் வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் சுமை என்பதால் 50 ஆம்பியர் ஃபியூஸ் போடுவேன். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பது. மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு ஃபியூஸை மட்டும் பெரிதாக்குவது தீக்கு அழைப்பு. சார்ஜரின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: ஒரு ஃபியூஸ் போதாதா?

பதில்: போதாது. கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது: டிரக்கில் ஒன்று, கேம்பரில் ஒன்று. நடுவில் உரசிக் கிழிந்தால் இரண்டும் சேர்ந்து மின்சாரத்தைக் கொட்டும். ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனையிலிருந்தும் 18 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் வையுங்கள்.

கேள்வி: ஃபியூஸுக்குப் பதில், துண்டித்தபின் தானாக மீளும் பிரேக்கர் வசதியாக இருக்குமே?

பதில்: பழுது அப்படியே இருக்க, அது சூடாறியதும் மறுபடி இணையும், மறுபடி துண்டிக்கும். எனக்கு அது வேண்டாம்.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு வேறு ஃபியூஸா?

பதில்: அதன் உள்தடை மிகக் குறைவு, குறுக்குச்சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் மின்வில் (தாவும் மின்பொறி) தொடரலாம். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸை பேட்டரி அருகே வையுங்கள்.

கேள்வி: கம்பி முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

பதில்: அளவுக்கேற்ற கருவியால் நசுக்கிப் பொருத்துங்கள். ஈயம் ஏறிய இடத்தில் கம்பி விறைத்து, வண்டி அதிர்வில் அதன் விளிம்பிலேயே முறியும். பொருத்தியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனை போடுங்கள்.