ஆண்டு இறுதிச் சுற்றறிக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வட்டாரங்களில் அருட்சகோதரியர் நடத்தும் தொடக்கப்பள்ளிகளிலிருந்து, பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒரு சுற்றறிக்கை வீடு வந்து சேரும். தேர்வு அட்டவணை, கடைசி வேலை நாள், நன்றித் திருப்பலி (கத்தோலிக்க நன்றி வழிபாடு), அடுத்த ஆண்டுக் கட்டணம், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) ஆகிய அனைத்தும் ஒரே தாளில் ஒரே குரலில் எழுதப்பட்டிருப்பதால், எது கட்டளை, எது அழைப்பு என்று பல பெற்றோருக்குப் பிரித்தறிய முடிவதில்லை. தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் அத்தகைய தாள்களை நானும் எழுதியவள்தான். ஆகவே இந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி: என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வரும் ஆண்டின் முதல் பருவக் கட்டணத்தை மே மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்று பள்ளியில் எழுதியிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்கள் பணத்துக்கு எங்கே போவது? கட்டாவிட்டால் டி.சி.யும் தரமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு தாய், காசிமேடு

பதில்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல முடியாது. பள்ளிகள் கட்டணம் கேட்பதும் இதே நாட்களில்தான். உங்கள் பகுதியில் இது ஆண்டுதோறும் நிகழ்வது என்பதால், பள்ளி நிர்வாகத்துக்கும் இது தெரியாத செய்தியாக இருக்காது. தடைக்காலம் முடிந்தபின் இரண்டு தவணைகளில் செலுத்துகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கடைசி வேலை நாளுக்கு முன்பே தலைமையாசிரியையிடம் நேரில் கொடுங்கள். கெடு முடிந்தபின் கண்கலங்க வந்து நிற்கும் தாயைவிட, கெடுவுக்கு முன் கடிதத்தோடு வரும் தாய்க்கு உதவுவது எளிது. பள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அதற்கு முன், உங்கள் பிள்ளை படிப்பது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டறியுங்கள். ஒரே வளாகத்தில், ஒரே சீருடையில் இரண்டும் நடக்கும் பள்ளிகள் வடசென்னையில் உண்டு. ஆசிரியர் ஊதியத்தை அரசு தரும் பிரிவில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தனியார் சுயநிதிப் பள்ளி என்றால், 2009-ஆம் ஆண்டின் கட்டண முறைப்படுத்தும் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு மூன்று கல்வி ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். 'கட்டட நிதி', 'ஆண்டு விழா நன்கொடை' போன்றவை சுற்றறிக்கையில் கட்டணத்துக்கு அடுத்த வரியிலேயே இருக்கலாம். ஆனால் நன்கொடை என்பது தர விரும்புகிறவர் தருவது.

மாற்றுச் சான்றிதழைப் பொறுத்தவரை, கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகக் கூறியது. பாக்கி பற்றிய குறிப்பை அதில் எழுதுவதையும் நீதிமன்றம் கண்டித்தது. பாக்கி இருந்தால் அதைச் சட்டப்படி கேட்க நிர்வாகத்துக்கு வழி உண்டு. பிள்ளையின் படிப்பை அதற்குப் பிணையாக வைக்க முடியாது.

கேள்வி: என் மகள் சிஸ்டர்கள் நடத்தும் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். அவர்களுடைய உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, மாநகராட்சிப் பள்ளியில் சேர்ப்பதா என்று வீட்டில் நாள்தோறும் விவாதம். தங்கள் கருத்து என்ன?
— ஒரு தந்தை, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் உரிமைகளோடு தொடர்புடையது. இதைப் பெற்றோர் பலரும் காலம் கடந்தே அறிகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. மாநகராட்சிப் பள்ளி இதில் அடங்கும். உதவிபெறும் பள்ளி அடங்காது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் 2021-இல் இதே சலுகை வந்தது. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமோ, 2022 செப்டம்பர் 5 அன்று நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கப்பட்டு, 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே சிஸ்டர்களின் பள்ளியையே தேர்ந்தெடுத்தால், தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

மகளுக்கு மருத்துவக் கனவு இருந்தால் மாநகராட்சிப் பள்ளிக்கே என் வாக்கு. அப்படி எதுவும் உறுதியாக இல்லை, நடந்து போகும் தொலைவில் கன்னியர் பள்ளி இருக்கிறது, அவளுடைய தோழிகளும் அங்கேதான் போகிறார்கள் என்றால், பத்து வயதுப் பெண்ணுக்கு அதுவும் சிறிய காரணம் அல்ல.

எந்தப் பள்ளியானாலும், மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிய உடனே அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் திருமுழுக்குப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் உள்ளது மற்றொன்று. ஒரே பெயரை 'அந்தோணி' என்றும் 'அந்தோனி' என்றும் எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) ஆகிய மூன்றிலும் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு மனுவோடு முடியும் திருத்தம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கும்.

இன்னொன்று: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கி நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது, ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கென்று விரிவாக்கப்பட்ட திட்டம். பள்ளியிலேயே காலையில் சாப்பிட்டுப் பழகிய மகளுக்கு ஜூன் முதல் வீட்டு அடுப்பு சற்று முன்னதாகவே எரிய வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். நன்றித் திருப்பலியில் அனைவரும் பங்கேற்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் உள்ளது. மகன் கட்டாயம் போக வேண்டுமா?
— ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: வேண்டியதில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவர்களை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெற வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) கூறு சொல்கிறது. 'விருப்பமில்லை' என்று நாட்குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். நண்பர்களோடு உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வரட்டும் என்று நீங்கள் நினைத்தால் அதற்கும் தடையில்லை, முடிவு உங்களுடையது.

கேள்வி: வீட்டருகே உள்ள கத்தோலிக்கப் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 விழுக்காடு இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே 6 அன்று தீர்ப்பளித்தது. எனவே அந்த ஒதுக்கீட்டில் அங்கே இடம் கேட்க முடியாது. சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகளில் முயலுங்கள். அல்லது அதே துறவற சபையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளி அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு முடிக்கிறான். கோடை விடுமுறையில் புதுநன்மை (முதல் முறை நற்கருணை பெறுதல்) வகுப்பு நடைபெறும் என்று பள்ளித் தாளில் உள்ளது. அவனுக்கு வயது போதுமா? யார் முடிவு செய்வார்கள்?
— ஒரு தாய், ராயபுரம்

பதில்: வயது போதும். நற்கருணை இன்னதென்று பகுத்தறியும் பருவம் ஏறக்குறைய ஏழு வயது என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வகுத்தார். இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையொட்டியதே. அவன் தயாராக இருக்கிறானா என்று பார்ப்பது பெற்றோரும் பங்குத்தந்தையும் (உங்கள் ஆலயப் பொறுப்பிலுள்ள குரு); பள்ளி செய்தியைச் சொல்வதோடு சரி. ஆகவே பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுத்ததோடு நின்றுவிடாமல், உங்கள் பங்கு அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். அவன் வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், சான்றிதழை அந்தப் பங்கிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொடுப்பதை மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.