தோட்டக் கேள்வி: அஸ்டில்பி எப்போது, எங்கே?

கேள்வி: அக்கா, போன ஜூலையில் விலை குறைத்துப் போட்டிருந்த இரண்டு அஸ்டில்பிப் பூச்செடிக் கன்றுகளை வாங்கி முன்வாசலில் நட்டேன். ஆகஸ்ட் முடியுமுன் கருகிவிட்டன. இந்த மார்ச்சில் பொலித்தீன் பையில் மூன்று வேர்த்துண்டுகள் வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது நடலாம்? வடக்குப் பக்க வேலியோரம்தான் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் நிழல் அங்கே விழும்.
- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: தங்கச்சி, ஜூலையில் நட்டது ஒரு பிழை, வெயிலில் நட்டது அதைவிடப் பெரிய பிழை. அஸ்டில்பி தண்ணீர்த் தாகம் கூடிய செடி. ஒரு வாரம் மண் காய்ந்தாலே இலை ஓரம் பொரித்த அப்பளம் போல மொறுமொறுத்துப் போகும்.

ரொறன்ரோவில் வேர்த்துண்டை ஏப்ரல் கடைசியில், மண் இளகிக் கையில் உதிரத் தொடங்கியதும் நடலாம். உறக்கத்தில் இருக்கும் வேரைப் பின்பனி ஒன்றும் செய்யாது. இலை விட்ட சட்டிக் கன்று என்றால் மே விக்டோரியா தின விடுமுறைவரை பொறுங்கள். தவறினால் செப்டெம்பர். நிலம் உறையுமுன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும்.

இனி இடம். நிழல் என்றால் போதும் என்று நினைத்து நானும் முதல் வருஷம் மேப்பிளுக்குக் கீழேதான் நட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி சாணளவுக்கு மேல் வளரவில்லை. செப்டெம்பரில் தோண்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: நான் போட்ட கொம்போஸ்ட் முழுவதும் மேப்பிளின் மயிர்வேர்கள் பாய்போலப் பின்னிக் கிடந்தன. ஊற்றிய தண்ணீரை எல்லாம் மரமே குடித்திருக்கிறது! செடியைக் கூரைப் பீலித் தண்ணீர் இறங்கும் கிழக்கு மூலைக்கு மாற்றினேன். அங்கே காலை வெயில் மட்டும் படும். அடுத்த ஜூலையில் கதிர் கதிராகப் பூத்து நின்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அதனால் உங்கள் வேலியோரத்தை முதலில் ஒரு சாண் ஆழம் கிண்டிப் பாருங்கள். மரவேர் அடர்ந்திருந்தால் அந்த இடம் வேண்டாம், பீலிப்பக்கம் தேடுங்கள். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது. குளிர்காலத்தில் ஊறிக் கிடந்தால் வேர் அழுகிவிடும். நம் பகுதியில் களிமண் அதிகம், கொம்போஸ்டைத் தாராளமாகக் கலந்து கொத்துங்கள்.

வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, முளைக்கண் மேலே பார்க்க, மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் மூடும்படி நடுங்கள். சட்டிக் கன்றைச் சட்டியில் இருந்த அதே மட்டத்தில் நட்டால் சரி. இடைவெளி இரண்டு சாண். மேலே இலைச்சருகு பரப்புங்கள். அப்புறம் முதல் கோடை முழுவதும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் வேர்வரை இறங்கும்படி ஊற்ற வேண்டும். இலைக்குமேல் தெளிப்பதால் பயனில்லை.

பையில் என்ன வகை என்று பாருங்கள். ஃபனால் என்றால் கருஞ்சிவப்புப் பூ, நல்ல ஈரம் கேட்கும். சீன வகை என்று இருந்தால் கொஞ்சம் வறட்சியைத் தாங்கும். முதல் வருஷம் பூக்காவிட்டால் பிடுங்கிவிடாதீர்கள், வேர்த்துண்டு அப்படித்தான்.

கேள்வி: பூத்து முடிந்த கதிரை வெட்டினால் திரும்பப் பூக்குமா?
- இன்னொரு வாசகர், மார்க்கம்

பதில்: பூக்காது தம்பி. வெட்டாமல் விடுங்கள். காய்ந்த கதிர் பனி மூடிய வளவில் அழகாக நிற்கும். ஏப்ரலில் வெட்டும்போதும் நாலு விரல் காம்பை விட்டு வெட்டுங்கள். அஸ்டில்பி தாமதமாக முளைக்கும். காம்பு தெரிந்தால் வெறும் நிலம் என்று நினைத்து யாரும் அந்த இடத்தில் மண்வெட்டி போடமாட்டார்கள்.