களங்கப்பட்ட வீரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? – கேள்வி பதில்

கேள்வி: சூதாடியவர், ஊக்கமருந்து எடுத்தவர், மைதானத்துக்கு வெளியே குற்றம் செய்தவர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

பதில்: கூடாது. ஊசி போட்டவன் ஏமாற்றினான், ஆனால் ஜெயிக்கத்தான் ஆடினான். அவனை ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தின் உள்ளே விட்டு, செய்ததை அங்கே சுவரில் மாட்டும் அவன் நினைவுப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆட்டத்தின் மீதே பணம் வைத்தவனுக்கு இடம் இல்லை. வெளிக் குற்றத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. ஓ.ஜே. சிம்ப்சனை 1985-ல் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கொலை வழக்கு, பிறகு வேறொரு வழக்கில் சிறை எல்லாம் வந்தும் அவரை நீக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, தடை வேறு. மூன்றையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: பேஸ்பாலில் 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ் ஏன் இன்னும் வெளியே நிற்கிறார்?

பதில்: ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுதான் காரணம். முதல் கட்டத்தில் பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களித்துத்தான் கூப்பர்ஸ்டவுனுக்கு, அதாவது பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, ஆள் எடுக்கிறார்கள். 75 சதவீதம் வேண்டும், பத்து முறைதான் வாய்ப்பு. 2022-ல், பத்தாவது முறை, பாண்ட்ஸுக்குக் கிடைத்தது 66 சதவீதம். அதே குற்றச்சாட்டுக்கு ஆளான பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸுக்கு 65.2. ஆட்டத்திறனோடு நேர்மை, பண்பு இவற்றையும் பார்க்கச் சொல்கிறது வாக்கு விதி. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் பலர் வாக்கை மறுத்தார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். பேஸ்பாலில் ஊக்கமருந்துச் சோதனையில் தண்டனை வந்ததே 2004-ல். அந்தக் காலம் முழுக்க பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்த பட் சீலிக் 2017-ல் உள்ளே போய்விட்டார். ஆடியவன் வாசலில், ஆட்டத்தை நடத்தியவர் சுவரில்.

அருங்காட்சியகத்தில் பாண்ட்ஸின் 756-வது ஹோம் ரன் பந்து இருக்கிறது. ஹாங்க் ஆரனின் சாதனையை உடைத்த பந்து. 7,52,467 டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர், அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுத்தார். சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்டும் நட்சத்திரக் குறியைத் தோலில் பதித்து கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுங்கள் என்று முடிவு வந்தது. அப்படியே செய்தார். வடுப்பட்ட பந்துக்கு அங்கே இடம் உண்டு, அடித்தவருக்கு இல்லை. பந்துக்குச் செய்ததையே பலகைக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: கிரிக்கெட்டில் ஷேன் வார்னும் தடை வாங்கியவர்தானே?

பதில்: ஆமாம். தடைசெய்யப்பட்ட சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைக்காக 2003-ல் ஓராண்டு. தண்டனையை முடித்துவிட்டு வந்து, 2004-ல் காலே டெஸ்டில் 500-வது விக்கெட்டை எடுத்தார். 2013-ல் ஐசிசி அவரைச் சேர்த்தது. சரியான முடிவு.

கேள்வி: சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்?

பதில்: ஊக்கமருந்துக்காக அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் 2012-ல் பறித்துவிட்டார்கள். பட்டமே இல்லாதவருக்குப் பலகையில் எதை எழுதுவது?

கேள்வி: பாண்ட்ஸ் ஏன் இல்லை?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பீட் ரோஸ் தன் அணி ஜெயிக்கும் என்றுதானே பந்தயம் கட்டினார்? அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: இந்த வாதத்தை முப்பது வருடமாகக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ரோஸ் அப்போது ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மேலாளர். எந்தப் பந்துவீச்சாளரை எப்போது இறக்குவது என்று முடிவு செய்பவர். இன்று பணம் கட்டியிருந்தால், களைத்த கையை இன்றே பிழிந்துவிட்டு நாளைய ஆட்டத்தைக் கோட்டைவிடலாம். அவர் பணம் கட்டாத நாள், இன்று அவருக்கே நம்பிக்கை இல்லை என்று புக்கிக்குச் சொல்லும் சேதி. 1987-ல் மட்டும் 52 ரெட்ஸ் ஆட்டங்களில் கட்டினார் என்றது விசாரணை அறிக்கை. சொந்த ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதி எல்லா வீரர் அறையிலும் ஒட்டியிருக்கும். தினமும் அதைக் கடந்துதான் அவர் மைதானத்துக்குப் போனார்.

கேள்வி (முன் கேள்வியைக் கேட்டவரே): ஆனால் 4,256 ஹிட் அடித்தது வீரராக. சூதாடியது மேலாளராக.

பதில்: அவருக்காகப் பந்தயம் கட்டிய கூட்டாளியின் நோட்டுப் பக்கங்கள் 2015-ல் வெளிவந்தன. அதில் 1986 இருக்கிறது. அந்த வருடம் அவர் இன்னும் மட்டை பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்.

கேள்வி (இன்னொருவர்): ஒப்புக்கொண்டாரே, மன்னிக்கக்கூடாதா?

பதில்: 1989-ல் தடை, 2004-ல் ஒப்புதல். நடுவில் பதினைந்து வருடம், உண்மையைச் சொன்னவர்களைப் பொய்யர்கள் ஆக்கினார். நான் சிறுவனாக அவர் தலை முன்னே பாயச் சறுக்குவதைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தைக் காதலித்தேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கேள்வி: அசாருதீன்?

பதில்: முதலில் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் தேவை. ஆட்டச் சூதாட்டப் புகாரில் 2000-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. அது சட்டப்படி செல்லாது என்று 2012-ல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அவரைக் குற்றவாளி என்று நான் எழுத மாட்டேன். தென்னாப்பிரிக்கக் கேப்டனாக இருந்த ஹன்சி குரோனியே சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கியதைத் தானே ஒப்புக்கொண்டவர். இருவரையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்.

கேள்வி: மரடோனா?

பதில்: கால்பந்து என் துறை இல்லை. அதைப் பின்தொடர்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாண்ட்ஸ், கிளெமென்ஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: மேலே போய்ப் படியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: ரோஸுக்கும் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சனுக்கும் கதவு திறந்துவிட்டதாமே?

பதில்: 2025 மே மாதம், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று பேஸ்பால் ஆணையர் முடிவெடுத்தார். ரோஸ் 2024 செப்டம்பரில் இறந்திருந்தார். ஜாக்சன், பணத்துக்காக வேண்டுமென்றே தோற்றதாகச் சொல்லப்பட்ட 1919 பேஸ்பால் உலகத் தொடர் ஊழலில் நீதிமன்றத்தில் விடுதலையாகியும் தடை வாங்கியவர். 2027 டிசம்பரில் எழுத்தாளர் வாக்கெடுப்புக்கு வெளியே பழைய வீரர்களைப் பரிசீலிக்கும் 16 பேர் கொண்ட குழு கூடும்போது இருவர் பெயரும் பரிசீலனைக்கு வரலாம். 12 வாக்கு வேண்டும். எனக்கு வாக்கு இருந்தால் ரோஸுக்குப் போட மாட்டேன். ஜாக்சன் பணம் வாங்கினார், ஆனால் அந்தத் தொடரில் 12 ஹிட் அடித்தார். அவர் விஷயத்தில் இன்னும் மனசு ஒரு பக்கம் சாயவில்லை.