திங்கக்கிழமை இருமல் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பிளஸ் டூ பயாலஜி குரூப் முடிச்சிருக்கேங்க. நீட்ல மார்க் பத்தல. இப்ப ஒரு யுனிவர்சிட்டில சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரம்னு ஒரு டிகிரிக்கு சீட் கிடைக்குது. மாமா "அது சாக்கடை இன்ஸ்பெக்டர் படிப்பு, பேசாம நர்சிங் சேரு"ங்கறார். அப்பா ஒண்ணும் சொல்லல. அவர் ஸ்பின்னிங் மில்லுல 18 வருஷமா ப்ளோரூம்ல இருக்கார், இருமிக்கிட்டே வீட்டுக்கு வந்தா பேசவே தெம்பு இருக்காது, டாக்டர் பீடிய விடச் சொல்லி திட்டுறார். நீங்க இதைத்தான் படிச்சதா எழுதியிருந்தீங்க. சேரலாமாங்க?

ஒரு வாசகி, பல்லடம்

அன்புள்ள தங்கச்சி,

உன் கேள்விக்கு வர்றதுக்கு முன்னாடி, போற போக்குல நீ எழுதின அந்த ஒரு வரிலயே நின்னுட்டேன். ப்ளோரூம், 18 வருஷம், இருமல். அப்பாகிட்ட ஒண்ணு கேளு. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை ஷிப்ட் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்குதா, புதன் வியாழன்ல கொஞ்சம் தேவலையா? ஆமான்னார்னா அது பிசினோசிஸா இருக்கலாம், பஞ்சு தூசியால வர்ற நோய். பேல்னு சொல்ற பஞ்சுப் பொதியை உடைச்சு பஞ்சைப் பிரிச்சு அடிக்கிற இடம் ப்ளோரூம், அங்க தூசி ஜாஸ்தி, பஞ்சோட ஒட்டிக்கிட்டு வர்ற பாக்டீரியா நச்சு மூச்சுக்குழாயைச் சுருக்கிடும். முதல்ல திங்கக்கிழமை மட்டும் படுத்தும், வருஷம் போகப்போக வாரம் பூரா படுத்தும், கடைசில லீவு போட்டாலும் போகாது. பீடி இதை இன்னும் மோசமாக்கும், அதனால டாக்டர் திட்டுறது சரிதான், ஆனா எந்த செக்‌ஷன்ல வேலை பாக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?

இத்தாலில ராமசினின்னு ஒரு டாக்டர், நோயாளிகிட்ட "நீ என்ன தொழில் பண்ற"ன்னு கண்டிப்பா கேக்கணும்னு 1700லயே எழுதி வச்சுட்டார். இன்னிக்கும் ஓ.பி. சீட்டுல பேரு, வயசு இருக்கும், தொழில் இருக்காது. இந்தப் படிப்பு மொத்தமும் அந்தக் கேள்வில இருந்துதான் கிளம்புது.

என்ன சொல்லித் தருவாங்கன்னா, கெமிஸ்ட்ரி, நச்சியல், நோய் எப்படிப் பரவுதுங்கற கணக்கு, நிறைய ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இதெல்லாம் பயந்துக்கற அளவுக்கு இல்ல. எனக்குப் பிடிச்சது ஃபீல்டு வேலைதான். தொழிலாளியோட இடுப்பு பெல்ட்ல காத்தை உறிஞ்சுற சின்ன பம்ப் ஒண்ணை மாட்டி, ட்யூபை முதுகுப் பக்கமா தோளுக்குக் கொண்டு வந்து, முன்னாடியே எடை போட்டு வச்ச ஃபில்டரை காலர்கிட்ட கிளிப் போடணும், ஏன்னா மூக்குக்கிட்ட இருக்கற காத்துதான் நமக்கு வேணும், ரூம் மூலைல இருக்கற காத்து இல்ல. ஷிப்ட் முடிஞ்சதும் ஃபில்டரைத் திரும்ப எடை போட்டா அவர் அன்னிக்கு எவ்ளோ தூசிக்குள்ள இருந்தார்னு கணக்கு வந்துடும். கூடவே ஷிப்டுக்கு முன்னாடி ஒருதடவை, பின்னாடி ஒருதடவை ஒரு கருவில ஊதச் சொல்லி, முதல் செகண்ட்ல எவ்ளோ காத்து வெளிய வருதுன்னு பாப்போம்.

படிக்கறப்ப ஒரு மில்லுக்கு இப்படிப் போனோம். தரை கழுவி விட்டிருந்தாங்க, தூசி ரொம்பக் கம்மியாத்தான் வந்துச்சு, எனக்கு சந்தோஷம்கூட. பம்பைக் கழட்டும்போது ஒரு பெரியவர் மெதுவா சொன்னார், "நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு பாதி மெஷினுதாம்மா ஓடுது". அன்னில இருந்து எந்த ரிப்போர்ட்லயும் எத்தனை மெஷின் ஓடுச்சு, ஜன்னல் திறந்திருந்துச்சான்னு முதல் பக்கத்துலயே எழுதிடுவேன். உனக்கு சம்பளம் குடுக்கறது முதலாளியா இருப்பார், நீ காப்பாத்த வேண்டியது தொழிலாளியை. இந்த வேலையோட கஷ்டமே இதுதான், சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோ.

மாமா சொன்ன சாக்கடையும் இதுக்குள்ள வருது, அதுல கேவலம் எதுவும் இல்ல. செப்டிக் டேங்க்ல வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு ஏறிட்டா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, நாத்தம் இல்லையேன்னு உள்ள இறங்குறவரு அப்படியே விழுவார், அவரைத் தூக்க இறங்குறவரும் விழுவார். இதைத் தெரிஞ்ச ஒருத்தர் வெளிய நின்னு தடுத்திருந்தா எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பாங்க.

இன்னொண்ணு, மாஸ்க் குடுத்தா போதும்னு நினைக்கறவங்களை நீ நிறையப் பாப்ப. மாஸ்க் கடைசி வழி. தூசியை மெஷின்கிட்டயே உறிஞ்சி எடுக்க முடியுமான்னுதான் முதல்ல பாக்கணும். உப்பளத்துல வேலை பாக்குற பொம்பளைங்க கக்கூஸ் இல்லாததால அந்த வெயில்லயும் தண்ணி குடிக்காம இருக்காங்க, கிட்னி கெடுது. அங்க போய் தண்ணி நிறைய குடிங்கன்னு கிளாஸ் எடுத்து என்ன புண்ணியம், முதல்ல கக்கூஸ் கட்டணும்.

வேலை விஷயத்துல மூடி மறைக்காம சொல்றேன். இது படிச்சா நீ டாக்டர் ஆக மாட்ட. சேஃப்டி ஆபீசர் வேலைக்கு தனி டிப்ளமா கேப்பாங்க, தரமணி ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்ல அது இருக்கு, அதுக்கு என்ன தகுதி வேணும்னு இப்பவே விசாரிச்சுக்கோ. அது இல்லாம டெஸ்டிங் லேப், கன்சல்டன்சி, ஆராய்ச்சின்னு போகலாம். போரூர் ராமச்சந்திராவுல விறகடுப்புப் புகை, வெக்கையில வேலைன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடக்குது. உனக்கு சீட் கிடைச்ச இடத்துல பம்ப், சத்தம் அளக்குற மீட்டர் எல்லாம் ஸ்டூடண்ட்ஸ் கைக்கு வருதா, வருஷத்துக்கு எத்தனை ஃபேக்டரி கூட்டிட்டுப் போறாங்கன்னு சீனியர்கிட்ட கேளு. பதில் நல்லா இருந்தா தைரியமா சேரு.

அதுக்கு முன்னாடி அப்பாவை ஒரு நெஞ்சு நோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ப்ளோரூம், 18 வருஷம்னு முதல்லயே சொல்லிடு, ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுக்கச் சொல்லு. இ.எஸ்.ஐ.க்கான தொழில் நோய் பட்டியல்ல பிசினோசிஸ் இருக்கு, அதனால இ.எஸ்.ஐ. கார்டையும் பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்து வை. திங்கக்கிழமை பத்தி அப்பா என்ன சொன்னார்னு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா