சாயங்காலம் ஆனால் தோள் கல்லாகிறதா? கேள்விகளும் பதில்களும்

பிசியோதெரபிஸ்டாக நான் தினமும் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். அவர்களைப் போன்றவர்கள் கேட்டவை இவை.

மேடம், ஐடி வேலை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல் மாதிரி இறுகிவிடுகிறது. அமுக்கிவிட்டால் சுகம், மறுநாள் திரும்ப அதே.

மவுஸில் கை வைத்தபடியே, மறு கையால் அந்தத் தோளின் மேல்சதையைப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருக்கும். இப்போது மவுஸை உடம்புக்குப் பக்கத்தில் இழுத்து, முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் முழுசாகச் சாய்த்து வையுங்கள். சதை தளர்வது விரலுக்கே தெரியும். கை எட்டியே இருந்தால் அதன் பாரத்தை அந்தத் தசைதான் நாள் முழுக்கச் சுமக்கிறது. அதனால்தான் அமுக்கிய சுகம் ஒரு ராத்திரிகூட நிற்பதில்லை.

அப்புறம் அசைவு. மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு தோளையும் காது வரை தூக்குங்கள். 3 எண்ணிவிட்டு, மூச்சோடு சேர்த்துத் தளர விடுங்கள். 5 தடவை போதும். பிறகு முழங்கைகளை மடக்கி, விலாவோடு ஒட்டினாற்போல் பின்னால் இழுங்கள். முதுகில் சிறகு மாதிரி இருக்கும் இரண்டு தட்டை எலும்புகளும் நெருங்கி வர வேண்டும். இதை 10 தடவை செய்யுங்கள்.

காலையில் 20 நிமிடம் யோகா செய்கிறேன். போதாதா?

நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் கை ஒரே இடத்தில் இருக்கிறதே! கை தலைக்கு மேல் 180 டிகிரி உயர்வதில் ஏறக்குறைய 120 தோள் மூட்டுடையது. மீதி 60, அந்தச் சிறகெலும்பு நகர்வதால் கிடைப்பது. மேசை வேலையில் கை தோள் உயரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போதெல்லாம் சுவரில் உள்ளங்கையை வைத்து, விரல்களால் மெல்ல மேலே ஏறிப் போங்கள். வீட்டில் கொடியில் துணி காயப்போடும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தோளைச் சுற்றினால் கடக் கடக் என்று சத்தம் வருகிறது.

வலியோ வீக்கமோ இல்லையென்றால் கவலை வேண்டாம்.

அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை. இதே பயிற்சிகளைச் செய்யலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இது மேசை இறுக்கம் மாதிரி தெரியவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மற்ற கையைவிட மிகக் குறைவாகத்தான் திரும்புகிறது என்றால் ‘உறைந்த தோள்’ (frozen shoulder), அதாவது தோள் மூட்டே இறுகி அசைவு குறைந்துபோகும் பிரச்சினையாக இருக்கலாம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருவது. சர்க்கரை இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆட்டட்டும். இழுத்துவிட்டால் சரியாகும் என்று வீட்டில் யாராவது கையை வலுவில் தூக்க வருவார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அப்படிச் செய்ய விடாதீர்கள்.

இடது தோள் வலி என்றாலே மாரடைப்போ என்று பயமாக இருக்கிறது, சரியா?

கையை அசைத்தால் கூடுகிற வலி பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. விரல்கள் மரத்துப்போனால் கழுத்து நரம்பையும் பார்க்க வேண்டும். ஆனால் மாடிப்படி ஏறும்போது தோள் வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.