அன்ராப் செய்த ஃபேஸ் மேப்பில் ஏன் கோடு கோடாக வருகிறது?

ஆம்பூர் தோல் துண்டின் மேடுபள்ளத்தை ப்ரொஜெக்டர் கோடுகளால் அளக்கும்போது, ஃபேஸ் மேப்பை (ஒவ்வொரு பிக்சலிலும் கோட்டு அலை சுற்றின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் படம்) அன்ராப் செய்தால், அதாவது சுற்று முடியும் இடங்களில் தாவும் மதிப்புகளைத் தொடர்ச்சியாக இணைத்தால், படமெல்லாம் குறுக்குக் கோடு விழுகிறது என்கிறீர்கள். பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம் அரைச் சுற்றுக்குள் இருக்கும் என்று நம்பித்தான் நிரல் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும். இரைச்சலால் ஓரிடத்தில் தப்பினாலும் ஒரு முழுச் சுற்றுப் பிழை வரிசைக் கடைசி வரை ஒட்டிக்கொள்ளும்.

சரி, இரைச்சலைக் குறையுங்கள், ஆனால் சுற்றிய (இன்னும் அன்ராப் செய்யாத) ஃபேஸை நேரடியாக வடிகட்டாதீர்கள், தாவும் விளிம்பே அழிந்துவிடும் (வேலூரில் ப்ராஜெக்ட் செய்தபோது எனக்கு இதிலேயே இரண்டு நாள் போச்சு). அந்த ஃபேஸின் சைன், கொசைன் இரண்டையும் தனித்தனியாக வடிகட்டி, ஆர்க்டேன்ஜென்ட்டில் மறுபடி சேர்க்கணும்.

அப்புறம், வரிசை முறையை விடுங்கள். ப்ரொஜெக்டர் கோடு தெளிவாகத் தெரியும் பிக்சல்களை முதலில் முடித்து, தோலின் பளபளப்பும் சுருக்க நிழலும் விழுந்த இடங்களைக் கடைசிக்குத் தள்ளினால், பிழை வந்தாலும் அங்கேயே அடங்கிவிடும்.